வில் நுனியில் வெள்ளி

போன விஜயதசமிக்குக் காளிச்சாமி மாகாளியம்மன் பிரசாதத்தை ஒற்றைக் கையால் வாங்கினார். அதை ஊர் ஒரு வருசமாக மென்றுகொண்டிருந்தது. எய்த மூன்று அம்பும் வாழையைத் தொடாமல் மண்ணில் விழுந்ததைக்கூட மன்னித்துவிடலாம், மனுசனுக்குக் கை தவறும். ஆனால் பண்டாரம் தட்டை நீட்டும்போது இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் நீட்டினால் அதற்கு என்ன பேர்? திமிர் என்றார்கள். நாற்பது ஏக்கர் மாந்தோப்புக்காரனுக்கே இல்லாத திமிர் ஆறு ஏக்கர்க்காரனுக்கு எங்கிருந்து வந்தது என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அம்பு சேர்வை என்றால் முதலமடைக்குக் கிழக்கே அந்த ஊரில் பெரிய காரியம். விஜயதசமி சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஒரு வாழை மரத்தை நட்டு, அதன் நடுவில் வன்னிக் கொப்பைக் கட்டுவார்கள். வாழைக்குள் அசுரன் ஒளிந்திருக்கிறான் என்பது கணக்கு. அம்மனுக்காக ஒருத்தர் நின்று எய்ய வேண்டும். மூன்று அம்பில் ஒன்றாவது தைத்தாக வேண்டும். தைத்ததும் சனம் பாய்ந்து வன்னி இலையைப் பிய்த்துக்கொண்டு போய்த் தோப்பிலும் நிலவுப்படியிலும் செருகி வைக்கும். அந்த வில் காளிச்சாமி வீட்டு வில். எய்கிற உரிமையும் அந்த வீட்டுக்கே.

அம்பு தைக்காத வருசம் பார்த்து மாம்பூவும் கருகியது. கிருஷிபவனிலிருந்து விவசாய ஆபீசர் வந்து கிளையை உலுக்கி, வெள்ளைக் காகிதத்தில் பூச்சி கொட்டுவதைக் காட்டி, இலைப்பேன் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். ஊர் மருந்தையும் அடித்தது, காளிச்சாமியையும் திட்டியது.

காளிச்சாமியின் சம்சாரம் கமலாத்தாளுக்கு ஊர்ப்பேச்சு புதிதல்ல. ஆனால் அவளையும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருசமாகச் செவலை மாட்டையும் அதன் தாயையும் பாட்டியையும் கறந்த மனுசன், கொஞ்ச நாளாகப் பால் செம்பைத் தொடுவதில்லை. "உன்ற கைக்குத்தான் செவலை நல்லா எறங்குது" என்று ஒரு நாள் சொன்னார். கட்டி வந்த நாளிலிருந்து அவர் வாயில் பாராட்டே வந்ததில்லை என்பதால் கமலாத்தாள் உச்சி குளிர்ந்து, அன்றிலிருந்து தினமும் வெடியால எழுந்து கறக்கிறாள். இரண்டு கையும் இல்லாமல் பால் கறக்க முடியாது என்கிற சங்கதி அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

புரட்டாசி பிறந்ததும் காளிச்சாமி விரதம் பிடித்து, சாயங்காலமானால் வில்லை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். அப்படி ஒரு நாள் நாணைப் பூட்டி வாசலில் சாய்த்து வைத்திருந்த நேரத்தில்தான் பங்காளி திருமூர்த்தி தன் மகன் கோகுல்நாத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். திருமூர்த்தி காளிச்சாமிக்குச் சித்தப்பா மகன். நல்லவன்தான், ஆனால் நல்ல சேதி சொல்ல வந்தாலும் எழவு சொல்ல வந்தவன் போல முகத்தை வைத்துக்கொள்வான்.

"காப்பி வைக்கறேன்னு உள்ள போயிராதீங்க அண்ணி. சித்தே நில்லுங்க. ஒரு வார்த்தை பேசோணும்."

"பேசுங்க தம்பி. அடுப்படிக்கும் கேக்கும்."

"கோயில் கமிட்டியில பேச்சு வந்துருச்சுங்க. இந்த வாட்டியும் தைக்கலைன்னா, அடுத்த வருசத்திலிருந்து நம்ம கோகுல் போடட்டும்கறாங்க. நானாப் போயிக் கேக்கலைங்க, ஆத்தா சத்தியமா. அண்ணனுக்கு ஒடம்புக்கு ஆகலைன்னா இந்த வருசமே வேணும்னாலும்..."

"என்ற ஒடம்புக்கு என்னடா?" என்றார் காளிச்சாமி.

"ஒண்ணுமில்லீங்ணா. வயசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

"உனக்கும் எனக்கும் ரெண்டு வயசுதான்டா வித்தியாசம். நீ கெழவனாயிட்டேன்னா தாராளமாச் சொல்லு."

கோகுல்நாத் சிரித்தான். அவன் பாலக்காட்டில் சோலார் தகடு மாட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆன்லைனில் ஒரு வில் வாங்கி, மொட்டை மாடியில் அட்டைப் பெட்டியை வைத்து எய்து பழகுகிறான். வந்ததிலிருந்து அவன் கண்ணெல்லாம் சுவரில் சாய்ந்திருந்த வில்லின் மேல்தான். கல்மூங்கில் வில். இரண்டு நுனியிலும் முக்கால் சாண் நீளத்துக்கு, மாட்டுக் கொம்புக்குப் போடுவது போல வெள்ளிக் குப்பி போட்டு, கடைசியில் படமெடுத்த பாம்புத் தலை வைத்திருந்தது. வெயில் பட்டால் தெரு முனை வரைக்கும் மின்னும்.

"பெரியப்பா, ஒருக்கா இழுத்துப் பாக்கட்டுங்களா?"

மறுக்க முடியாமல் காளிச்சாமி தலையாட்டினார். கோகுல்நாத் அம்பைத் தொடுத்து எதிரே இருந்த வைக்கோல் போரைப் பார்த்து விட்டான். அம்பு போருக்குள் போனது. ஆனால் அவன் வில்லை இடுக்கிக்கொண்டு இடது கையை உதறினான்.

"என்னுங்க பெரியப்பா இது! இழுக்கறப்ப எண்ணெயாட்ட வருது. விட்டதும் கழுதை ஒதைக்கறாப்புல ஒதைக்குது. முழங்கை வரைக்கும் விண்ணுங்குது. அம்பும் சாவகாசமாத்தான் போகுது. நீங்க எப்படித்தான்..."

"வெய்யி அதை!" என்றார் காளிச்சாமி. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "பழக்கமில்லாத கைக்கு அப்படித்தான் இருக்கும்."

அவர் எழுந்து போய் வில்லை வாங்கிக்கொண்டார். வலது கையால் வாங்கினார். எய்கிறவன் வில்லைப் பிடிக்கிற கை இடது கை. கமலாத்தாள் காப்பித் தம்ளரோடு நிலவுப்படியில் நின்று அதைப் பார்த்தாள்.

அந்த வெள்ளி அவள் போட்டது. மூன்றரை வருசத்துக்கு முன்னால் மகள் மௌனிகா பிளஸ் டூ முடித்த கையோடு மூளைக்காய்ச்சலில் விழுந்தாள். கோயமுத்தூர் ஆசுபத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் பேச்சு மூச்சில்லாமல் கிடக்க, இந்தப் பக்கம் கமலாத்தாள் வெறும் தரையில் உட்கார்ந்து, "மாகாளி, என்ற புள்ள எந்திரிச்சு வந்தா உன்ற வில்லுக்கு வெள்ளி போடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். மகள் எழுந்து வந்தாள். கொல்லங்கோட்டு ஆசாரி பாம்புத் தலை வைத்துக் குப்பி அடித்துக் கொடுத்தார். ஊரே வந்து தொட்டுக் கும்பிட்டது. வில்லுக்கு இப்பத்தான் லட்சணம் வந்திருக்கிறது என்றார்கள். அந்த வருசம் மூன்றாவது அம்புதான் தைத்தது. அடுத்த வருசம் மூன்றாவது அம்பு வாழைப் பட்டையை உரசிக்கொண்டு போனது, தைத்த கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். போன வருசம் எதுவும் போய்ச் சேரவில்லை. இதையும் அதையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. சாமிக்குப் போட்ட வெள்ளி மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பூசை லீவுக்கு மௌனிகா வந்தாள். திருச்சூரில் ஒரு லேபில் வேலை. வந்ததும் வராததுமாகப் பின்கட்டுச் சப்போட்டா மரத்துக்குப் போய்விட்டாள். மாங்காய் பறிக்கிற வலைக்கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணாந்து நின்றவள், நாலு காய்கூட விழவில்லை, கம்பைக் கீழே போட்டாள்.

"அம்மா, கையே செத்துப் போச்சுங்க. இந்தக் கம்பென்ன இந்தக் கனம் கனக்குது?"

"கம்பு கனமில்ல அம்மிணி. அது மாங்கா ஏவாரி உட்டுட்டுப் போனது, நுனியில இரும்பு வளையம். வளையமென்ன, ஒரு கைக்குள்ள அடங்கும். ஆனா அது நுனியில போயி ஒக்காந்துக்கிட்டா ஆளையே ஆட்டிவைக்கும். பறிக்கற பொம்பளைங்கெல்லாம் ரெண்டே நாள்ல தோளைப் புடிச்சுட்டு ஒக்காந்துட்டாங்க. ஒருக்கா வீசினா நீ நிறுத்துனாலும் அது நிக்காது, கையைப் பிடுங்கிட்டுப் போகும். அந்தப் பெரம்பு வளையம் போட்டத எடுத்து..."

கமலாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். சொன்ன சொல் அவள் காதுக்கே திரும்பி வந்தது. கீழே கிடந்த கம்பை எடுத்து ஒரு வீச்சு வீசி, சட்டென்று நிறுத்தினாள். நுனி நிற்கவில்லை. முழங்கையில் வெட்டென்று இழுத்தது.

"என்னம்மா?"

"உங்கொப்பா எங்க?"

"வில்லெடுத்துட்டுத் தோப்புக்குப் போனாருங்க."

கமலாத்தாள் செருப்புக்கூடப் போடாமல் நடந்தாள். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. தென்மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது, தோப்பில் காற்று அடங்கி வேர்த்துக் கொட்டியது. கவாத்து வெட்டிய கொப்புகள் மரத்தடியில் காய்ந்து கிடந்தன. அதற்கு அப்பால், வைக்கோல் சுற்றி நட்ட ஒரு கட்டைக்கு நேரே காளிச்சாமி நின்றிருந்தார். அவள் மரத்தோரம் நின்றுகொண்டாள்.

அவர் இழுத்தார். கட்டையைப் பார்க்காமல் அதற்கு இரண்டு முழம் மேலே குறி வைத்தார். விட்டார். அம்பு வளைந்து போய்க் கட்டையின் காலடியில் குத்தியது. காளிச்சாமி வில்லை மெல்லத் தரையில் வைத்தார். இடது முழங்கையை வலது உள்ளங்கையில் தாங்கி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பவர் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை வாயில் கடித்துக்கொண்டு மறுபடியும் வில்லை எடுத்தார்.

"போதுமுங்க" என்றாள் கமலாத்தாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். துண்டு கீழே விழுந்தது.

"நீ எங்க இங்க?"

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல போ புள்ள."

"காட்டுங்கன்னா!"

முழங்கைக்கு வெளிப்புறம் வீங்கியிருந்தது. அவள் விரல் பட்டதும் பல்லைக் கடித்தார்.

"என்ற வெள்ளிதானுங்களே இது?"

காளிச்சாமி குனிந்து துண்டை எடுத்து உதறினார்.

"கேக்கறனுங்களே. நான் போட்ட வெள்ளிதான?"

"முன்னெல்லாம் நுனி எலிவாலாட்ட இருந்துச்சு கமலா" என்றார் கடைசியில். "விட்டதும் சுருக்குன்னு போயி நாணோட நின்னுக்கும். கையில ஒரு சத்தமும் வராது. அம்பு போனதே தெரியாது, தச்சதுதான் தெரியும். இப்ப நாண் நின்னாலும் நுனி நிக்கமாட்டேங்குது. அம்புக்குப் போகோணும்கற வேகத்தைப் பாதி அந்த வெள்ளி வாங்கிக்குது. வாங்கிட்டுச் சும்மா இருக்குதா? அத்தனையும் திருப்பி என்ற கையிலதான் கொண்டாந்து கொட்டுது."

"மூணு வருசமாத் தெரியுமா உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லல?" என்றாள் கமலாத்தாள். "ஊரு திமிருங்குது, கெழவன்குது. பங்காளி வாசலுக்கே வந்து கேட்டுட்டுப் போறான். ஒரு வார்த்தை என்றகிட்டச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"

"சொன்னா நீ கழட்டிப்போடுவ. கழட்டுனதுக்குப் பொறவு புள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட நீ தாங்குவியா? நான் தாங்குவனா?" அவர் வில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ ஆசுபத்திரியில வேண்டிக்கிட்ட. நான் என்ன பண்ணுனேன்? வெளிய நின்னு பீடி குடிச்சேன். ஒவ்வொரு ஒதையும் வாங்கறப்ப, சரி, இது என்ற பங்குன்னு நெனச்சுக்குவேன்."

கமலாத்தாள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலது தோளில்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இருபத்தைந்து வருசத்தில் இந்த மனுசன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

பின்னாலேயே வந்த மௌனிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அப்பாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்காக வேண்டிக்கிட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்? எனக்கு அப்பா கை வேணுமுங்க. பாம்பு வேண்டாம்."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது அம்மிணி" என்றார் காளிச்சாமி. "வில்லுக்குன்னு நேர்ந்தது. அதைக் கழட்டறது பாவம்."

கமலாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க, வேண்டுதல் வில்லுக்கு வெள்ளி போடறேன்னுதான். நுனிக்குப் போடறேன்னு நான் சொல்லல. நுனிங்கறது அந்த ஆசாரி பண்ணுன வேலை, பாம்பும் அவருதான்." அவள் வில்லை எடுத்து நடுவில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "அந்த இரும்பு வளையத்தைக் கழட்டிக் கம்பு புடிக்கற எடத்துல கட்டிவெச்சாப் பறிக்கறவளுக்குக் கனமே தெரியாது. கைக்குள்ள இருக்கற கனம் வீச்சுல ஓடாதுங்க. வெள்ளி அம்புட்டையும் இங்க கொண்டாந்துரலாம். கழட்டல. எடம் மாத்தறேன்."

"ஆத்தாகிட்டப் பூ கேக்காம எப்படிப் பண்றது?"

"கேக்கறனுங்க" என்றாள்.

மறுநாள் வெடியால அவள் கோயிலுக்குப் போனாள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது அங்கே வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பண்டாரம் பொட்டலம் கட்டித் தட்டில் வைத்தார். கமலாத்தாள் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"எடுங்கம்மிணி."

"வேண்டாமுங்க" என்றாள். பிறகு அம்மனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசினாள். "சிவப்பு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன் தாயே? அந்த மனுசனை மறுக்காவும் ஒதை வாங்குன்னு சொல்லுவனா? அதனால கேக்கலை. சொல்லிப்போட்டுப் போறேன். கோவமிருந்தா என்ற மேல காட்டு. புள்ள மேல காட்டாத."

பண்டாரம் திறந்த வாயை மூடவில்லை. அவள் திருநீறு பூசிக்கொண்டு நேரே கொல்லங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

ஆசாரிக்கு மனசே இல்லை. பாம்புத் தலைக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். முனகிக்கொண்டே குப்பியைச் சூடு காட்டி உருவினார். உள்ளிருந்து நுனி வெளியே வந்தது. சுண்டுவிரல் தடிமன்தான். நாண் உட்காருகிற வெட்டில் பழைய எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருந்தது. கமலாத்தாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஆசுபத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே விட்டபோது மகளின் விரல் அப்படித்தான் மெலிந்து இருந்தது. வெள்ளியைத் தட்டித் தகடாக்கி, கைப்பிடியில் சுற்றி, வழுக்காமல் இருக்க வரி போட்டு அவர் கொடுக்கும்போது ஆயுத பூசை அன்று மத்தியானம் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே வில் கோயிலுக்குப் போய்ப் பூசையில் இருந்தாக வேண்டும். காளிச்சாமிக்கு அதை ஒரு தடவை இழுத்துப் பார்க்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

விஜயதசமிக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். கோவிந்தாபுரம் பக்கமிருந்தும் வண்டி கட்டி வந்திருந்தார்கள். அம்பு பார்க்க வந்தவர்கள் பாதி, காளிச்சாமி தோற்பதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. வில்லில் பாம்பைக் காணோம் என்று ஒரு சலசலப்பு ஓடியது. "வித்துப்போட்டாங்களோ?" என்று யாரோ சொன்னது பெண்கள் பக்கம் நின்ற கமலாத்தாள் காதில் விழுந்தது. அவள் மௌனிகாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகளின் கை சூடாக இருந்தது. காய்ச்சலோ என்று ஒரு நிமிசம் பதறி, இல்லை, வெயில்தான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மேளம் நின்றது. காளிச்சாமி வாழையைப் பார்த்து நின்றார். மூன்று வருசப் பழக்கம் லேசில் விடுமா? குறியை வன்னிக் கொப்புக்கு இரண்டு முழம் மேலே தூக்கினார். விட்டார்.

அம்பு போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வாழைக்கு மேலே சர்ரென்று பாய்ந்து, அந்தப் பக்கம் ஆளில்லாத பொட்டலில் நின்ற பனை மரத்தில் உயரத்தில் போய்க் குத்தியது. கூட்டம் "ஓ" என்றது. "போச்சு" என்றான் திருமூர்த்தி, அவன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. கோகுல்நாத் மட்டும் எட்டிப் பனையைப் பார்த்து, "அப்பா, அம்பு எங்க போயிருக்குது பாருங்க" என்றான்.

காளிச்சாமி பனையைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலைப் பிரித்தார், மறுபடி வெள்ளிப் பிடியில் மூடினார். பிறகு தலையைத் தூக்கிப் பெண்கள் கூட்டத்தில் தேடினார். ஆயிரம் பேருக்கு நடுவில், விரதத்தில் நிற்கிற மனுசன், ஒரு அம்பைப் பறிகொடுத்துவிட்டு, சம்சாரத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

இரண்டாவது அம்புக்குக் குறியை மேலே தூக்கவில்லை. வாழையின் நடுவயிற்றுக்கு நேரே வைத்து விட்டார். சொத்தென்று ஒரு சத்தம். அம்பின் முனை வாழையைத் துளைத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. மேளம் பொத்துக்கொண்டு அடித்தது, குலவை எழும்பியது, சனம் வன்னி இலைக்குப் பாய்ந்தது. மூன்றாவது அம்பை அவர் தொடவே இல்லை.

பண்டாரம் தட்டோடு வந்தார். காளிச்சாமி வில்லைக் கோகுல்நாத்திடம் கொடுத்து, "நுனியைத் தரையில ஊனாத, பத்திரமாப் புடி" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வலது கையை நீட்டினார். இடது கை மெல்ல மேலே வந்தது. பழைய வலி ஒரே நாளில் போய்விடுமா? பாதியில் நின்று நடுங்கியது. அவர் அவசரப்படவில்லை. அது வந்து சேர்கிற வரைக்கும் பண்டாரத்தைக் காக்க வைத்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திப் பிரசாதத்தை வாங்கினார். நடுக்கத்தில் குங்குமம் கொஞ்சம் சிந்தியது.

கமலாத்தாளுக்குப் பக்கத்தில் நின்ற மூத்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு முழங்கையால் இடித்தாள். "பாத்தியா கமலா? போன வருசம் ஆத்தா குட்டு வெச்சதுக்கு உங்கூட்டுக்காரருக்கு இப்பத்தான் பணிவு வந்திருக்குது."

கமலாத்தாள் கண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"ஆமாங்கக்கா, வந்துருச்சுங்க" என்றாள்.